அன்றாடத்துக்கு ஒரு சோவியத் கேமரா

சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் மூன்று குடும்பங்கள் முக்கியமானவை: கார்கிவில் உருவான ஃபெட், மாஸ்கோவை அடுத்த க்ராஸ்னகோர்ஸ்கில் உருவான சோர்க்கி, கீவ் நகரின் ஆர்செனல் ஆலையில் செய்த கீவ். முதலிரண்டும் ஜெர்மானிய லைக்காவின் வழி வந்தவை. கீவ், கான்டாக்ஸின் வாரிசு. உலோக ஷட்டர் கொண்டது, ஆனால் பழுதுபார்க்கச் சிரமமானது.

தினமும் கையில் எடுக்க ஃபெட்-2 போல இன்னொன்று இல்லை. 1955-இல் வந்த இதில் ரேஞ்ச்ஃபைண்டரின் இரு சாளரங்களுக்கும் இடைவெளி 67 மி.மீ.; சோர்க்கி-4-இல் ஏறக்குறைய 38 மி.மீ. மட்டுமே. இடைவெளி கூடினால் குவியம் துல்லியமாகும். கண்ணை வைத்தால் எதிரே நிற்பவரின் முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகப் பொருந்தும் அந்தக் கணம் அலுப்பதே இல்லை. பின்மூடி முழுதாகக் கழன்று வருவதால் ஃபிலிம் மாட்டுவதும் எளிது.

வாங்குமுன் லென்ஸைக் கழற்றி, ஷட்டர் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஊசித்துளை அளவு வெளிச்சம் கசிந்தாலும் படத்தில் வெண்புள்ளி விழும். லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருந்தால் விட்டுவிடலாம். லென்ஸ்களில் இண்டஸ்டார்-61 கூர்மையானது, ஜூபிடர்-8 உருவப்படத்துக்கு மென்மையாக அமையும். இரண்டும் 39 மி.மீ. திருகு லென்ஸ்கள், ஃபெட்டிலும் சோர்க்கியிலும் பொருந்தும்.

ஃபிலிமை முன்னகர்த்தி ஷட்டரை ஏற்றிய பிறகே ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றாமல் திருகினால் உள்ளே பல்சக்கரம் பழுதாகக்கூடும்.