ஸ்க்ரூபால் நகைச்சுவைப் படங்களும் வீட்டுத் திரையும்

1934 முதல் 1940களின் தொடக்கம் வரை ஹாலிவுட்டில் வெளிவந்த ஒருவகைக் காதல் நகைச்சுவைப் படங்கள் 'ஸ்க்ரூபால் நகைச்சுவை' என்று அழைக்கப்படுகின்றன. பேஸ்பால் ஆட்டத்தில், அடிப்பவர் எதிர்பார்க்கும் பக்கத்துக்கு மாறாக வளைந்து செல்லும் பந்துக்கு ஸ்க்ரூபால் என்று பெயர். கிறுக்கு ஆசாமி என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. இரண்டு பொருளும் இப்படங்களுக்குப் பொருந்தும்.

இன்று இப்படங்களைப் பெரும்பாலோர் அறிந்திருப்பது திரையரங்கின் வழியாக அல்ல. வீடியோ கேசட், டிவிடி, ப்ளூ-ரே, இணையம் ஆகியவற்றின் வழியாகத்தான். எனவே எந்தப் பிரதியில் பார்த்தோம் என்ற கேள்வி இங்கே சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்குக் கவலையாக நின்றுவிடுவதில்லை. பேச்சையும் வேகத்தையும் நம்பி நிற்கும் ஒரு கலைவடிவம் மோசமான பிரதியில் வேறொரு படமாகவே மாறிவிடுகிறது. இவ்வகையின் மிகச் சிறந்த படங்களில் சிலவே மிக மோசமான பிரதிகளில் மிக அதிகமாகப் பார்க்கப்பட்டன என்பது இதன் வரலாற்றில் உள்ள முரண்.

வகையின் இயல்பு

ஃபிராங்க் காப்ராவின் 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' (1934) இவ்வகையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை ஆகிய ஐந்து ஆஸ்கர் விருதுகளையும் அது பெற்றது. வீட்டைவிட்டு ஓடிவரும் பணக்காரப் பெண்ணும் வேலையிழந்த பத்திரிகையாளனும் சேர்ந்து பயணம் செய்யும் கதை அது. சென்னையின் ஏவி.எம். நிறுவனம் ராஜ் கபூர், நர்கீஸ் நடிப்பில் தயாரித்த 'சோரி சோரி' (1956) என்ற இந்திப் படம் இக்கதையைத் தழுவியதே.

1934ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தன. படுக்கையறையைக் காட்ட முடியாத நிலையில், ஆண் பெண் ஈர்ப்பு முழுவதும் வாய்ச்சண்டைக்குள் புகுந்துகொண்டது. இப்படங்களில் காதலர்கள் கொஞ்சிக்கொள்வதில்லை, சண்டையிடுகிறார்கள். யார் யாருக்குச் சளைக்காமல் பதில் சொல்கிறார்களோ அவர்களே ஒருவருக்கொருவர் பொருத்தமானவர்கள் என்பது இவ்வகையின் எழுதாத விதி. ஆகவே ஒரு வசனம் காதில் விழாமல் போனால் ஒரு நகைச்சுவை மட்டும் போவதில்லை. காதலின் ஒரு படியும் போய்விடுகிறது.

பதிப்புரிமையும் பிரதிகளும்

அமெரிக்காவில் 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு படத்தின் பதிப்புரிமை முதலில் 28 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். அது முடிவதற்குள் உரிமையாளர் விண்ணப்பித்துப் புதுப்பிக்க வேண்டும். 1960களில் இப்பழைய படங்களுக்குப் பெரிய வணிக மதிப்பு இருப்பதாக யாரும் எண்ணவில்லை. கிரெகரி லா காவாவின் 'மை மேன் காட்ஃப்ரி' (1936), வில்லியம் வெல்மனின் 'நத்திங் சேக்ரெட்' (1937), ஹோவர்ட் ஹாக்ஸின் 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) ஆகிய மூன்றும் இவ்வாறு புதுப்பிக்கப்படாமல் விடப்பட்டன.

இதன் விளைவு இருவகையானது. கட்டணம் செலுத்தத் தேவையில்லை என்பதால் பலரும் இப்படங்களைப் பரப்பினார்கள். வீடியோ கேசட் காலம் வந்ததும் சிறு நிறுவனங்கள் பல இவற்றை மலிவு விலையில் வெளியிட்டன. இப்படங்கள் மறக்கப்படாமல் இருந்ததற்கு இந்தப் பரவலும் ஒரு காரணம். ஆனால் அந்நிறுவனங்களுக்கு மூல நெகட்டிவ் கிடைக்கவில்லை. கையில் அகப்பட்ட 16 மி.மீ. பிரதியிலிருந்து இன்னொரு பிரதி, அதிலிருந்து மற்றொன்று என்று எடுத்தார்கள். ஒவ்வொரு படிக்கும் கறுப்பு சாம்பலானது, முகங்கள் வெளுத்தன, ஒலியில் இரைச்சல் ஏறியது. வண்ணத்தில் எடுக்கப்பட்ட அரிய ஸ்க்ரூபால் படங்களில் ஒன்றான 'நத்திங் சேக்ரெட்' மங்கிய நிறங்களோடு உலவியது. உரிமை இழந்ததால் படம் எல்லோருக்கும் கிடைத்தது. கிடைத்தது முழுப் படம் அல்ல.

ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே: கேட்க வேண்டிய காட்சி

பென் ஹெக்ட், சார்லஸ் மெக்ஆர்தர் எழுதிய 'தி ஃப்ரன்ட் பேஜ்' (1928) என்ற நாடகத்தில் பத்திரிகை ஆசிரியர் வால்டர், நிருபர் ஹில்டி இருவரும் ஆண்கள். ஹாக்ஸ் ஹில்டியைப் பெண்ணாகவும் வால்டரின் முன்னாள் மனைவியாகவும் மாற்றினார். கேரி கிராண்டும் ரோசலிண்ட் ரஸ்ஸலும் ஒருவர் பேச்சின் மீது மற்றவர் பேசிக்கொண்டே போகிறார்கள். இதற்காக வசனங்களின் தொடக்கத்திலும் முடிவிலும் தேவையில்லாத சொற்களைச் சேர்த்து எழுதச் செய்ததாக ஹாக்ஸ் பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். இரண்டு குரல்கள் மோதும்போது அழிவது அந்த உபரிச் சொற்கள்தான். முக்கியமான சொல் நடுவில் பத்திரமாக இருக்கும். ஒலியை நுணுக்கமாகக் கணக்கிட்டுச் செய்த வேலை இது.

படத்தின் பிற்பகுதியில் நீதிமன்றக் கட்டடத்தின் பத்திரிகையாளர் அறையில் ஒரு காட்சி வருகிறது. ஹில்டி தட்டச்சில் மூழ்கியிருக்கிறாள். வால்டர் தொலைபேசியில் முதல் பக்கத்தை மாற்றியமைத்துக்கொண்டிருக்கிறான். உலகப் போர்ச் செய்திகளைத் தூக்கியெறியச் சொல்பவன் ஒரு சேவலைப் பற்றிய செய்தியை மட்டும் விட்டுவைக்கச் சொல்கிறான். இவ்விருவருக்கும் நடுவே, ஹில்டியை மணக்கவிருக்கும் காப்பீட்டு முகவர் புரூஸ், தன்னோடு ஊருக்கு வரப்போகிறாளா இல்லையா என்று கேட்டுக்கொண்டே நிற்கிறான். ஹில்டிக்கு அவன் குரல் காதில் ஏறவில்லை.

இக்காட்சியின் உயிர் ஒரே ஒரு விஷயத்தில் இருக்கிறது: ஹில்டிக்குக் கேட்காத புரூஸின் குரல் நமக்குக் கேட்க வேண்டும். அப்போதுதான் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நல்ல மனிதன் கைவிடப்படுவதை உணர்கிறோம். வால்டர் காதலிப்பது ஹில்டியையா, அவள் எழுதும் செய்தியையா என்ற கேள்வியும் அப்போதுதான் எழுகிறது. இரைச்சல் மிகுந்த பிரதியில் மூன்று குரல்களும் ஒரே கூச்சலாகக் கலந்துவிடுகின்றன. பார்ப்பவர், 'எல்லோரும் வேகமாகப் பேசுகிறார்கள்' என்ற எண்ணத்தோடு எழுந்துவிடுகிறார். இப்படத்தைப் பற்றிப் பலரும் சொல்லும் பாராட்டும் குறையும் அந்த ஒரே வாக்கியமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2017இல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் இப்படத்தைச் சீரமைத்த பிரதியில் வெளியிட்டது. அதே நாடகத்தை லூயிஸ் மைல்ஸ்டோன் இயக்கிய 1931ஆம் ஆண்டுப் படத்தின் சீரமைத்த பிரதியையும் அதனுடன் சேர்த்தது. ஒரே கதையில் ஒரு பாத்திரத்தின் பாலினத்தை மாற்றினால் என்ன நேர்கிறது என்பதை இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். நூறு பக்க ஆய்வு சொல்லக்கூடியதை இந்தச் சேர்க்கை காட்டிவிடுகிறது. நல்ல வட்டு வெளியீடு விமர்சனமாகவும் அமையும் என்பதற்கு இது சான்று.

மை மேன் காட்ஃப்ரி: பார்க்க வேண்டிய காட்சி

'மை மேன் காட்ஃப்ரி' படத்தின் எழுத்துகள், இரவு நேர ஆற்றங்கரைக் கட்டடங்களின் மீது ஒளிரும் விளம்பரப் பலகைகளாக எரிந்து எரிந்து அணைகின்றன. கேமரா மெல்ல நகர்ந்து, பாலத்தடியில் குப்பைமேட்டில் வாழும் வேலையிழந்தவர்களிடம் வந்து நிற்கிறது. பிறகு பட்டுடை உடுத்திய பெண்கள் அங்கே வருகிறார்கள். யாருக்கும் வேண்டாத பொருள்களைத் தேடிக் கொண்டுவரும் அவர்களுடைய விருந்து விளையாட்டில் 'மறக்கப்பட்ட மனிதன்' ஒருவனும் பட்டியலில் இருக்கிறான்.

பொருளாதாரப் பெருமந்தத்தின் உச்சத்தில் அமெரிக்க உழைப்பாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வேலையின்றி இருந்தனர். அந்த உண்மையைப் படம் வசனத்தில் சொல்வதற்கு முன்பே ஒளியிலும் இருளிலும் சொல்லிவிடுகிறது: மேலே மின்னும் நகரம், கீழே புகையும் குப்பை. வெளுத்துப்போன பிரதியில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். சமூக விமர்சனம் மறைந்து, பைத்தியக்காரப் பணக்காரக் குடும்பத்தின் கூத்து மட்டும் மிஞ்சுகிறது. கரோல் லொம்பார்டின் நடிப்பும் வில்லியம் பவலின் அமைதியும் எப்பிரதியிலும் தப்பிப் பிழைக்கின்றன என்பது உண்மைதான். நடிப்புக்கான நான்கு பிரிவுகளிலும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் படம் இது. ஆனால் நடிகர்களுக்காக மட்டும் இதைப் பார்ப்பது படத்தின் பாதியைப் பார்ப்பதே.

எது செவ்வியல் என்று முடிவுசெய்வது யார்

அமெரிக்கத் தத்துவவாதி ஸ்டான்லி கேவல், 'பர்சூட்ஸ் ஆஃப் ஹேப்பினஸ்' (1981) என்ற நூலில் ஏழு படங்களை எடுத்துக்கொண்டு, பிரிந்த தம்பதியர் மீண்டும் சேரும் 'மறுமண நகைச்சுவை' என்ற கருத்தை முன்வைத்தார். இவரே 1971இல் எழுதிய தம் முந்தைய திரைப்பட நூலில், படங்களை நினைவிலிருந்தே விவரிப்பதாக ஒப்புக்கொண்டவர். அக்காலத்தில் ஒரு படத்தை விரும்பியபோது மீண்டும் பார்ப்பது அறிஞருக்கும் எளிதல்ல. இன்று ஒரு மாணவர் ஒரே காட்சியைப் பத்து முறை பார்க்கலாம். இவ்வகை பற்றிய ஆய்வு விரிந்ததில் வீட்டுப் பதிப்புகளின் பங்கு பெரிது.

ஆனால் எந்தப் படம் வட்டாக வருகிறதோ அதுவே செவ்வியல் என்ற நிலையும் உருவாகிறது. ஐந்து முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறையும் பெறாத ஐரீன் டன் இதற்கு எடுத்துக்காட்டு. 'தி ஆஃபுல் ட்ரூத்' (1937) படத்தில் கேரி கிராண்டுக்கு ஈடுகொடுத்தவர் அவர். அவருடைய 'தியடோரா கோஸ் வைல்ட்' (1936) சிற்றூர்ப் பெண் ஒருத்தி புனைபெயரில் எழுதிய பரபரப்பு நாவலை மையமாகக் கொண்டது. பெண்ணின் எழுத்தும் ஊரின் வாயும் மோதும் கூர்மையான படம். அமெரிக்காவில் டிவிடியாக அது 2009இல்தான், 'ஐகன்ஸ் ஆஃப் ஸ்க்ரூபால் காமெடி' என்ற தொகுப்பின் ஒரு பகுதியாக வந்தது. கிராண்டின் பெயர் உலகம் முழுவதும் தெரிந்திருக்க, டன்னின் பெயரை விளக்கிச் சொல்ல வேண்டியிருப்பது திறமையின் அளவால் நேர்ந்ததல்ல.

வீட்டில் இழப்பது

வீட்டுத் திரைக்கு எதிராகவும் ஒரு வாதம் உண்டு. நிரம்பிய அரங்கில் முந்தைய நகைச்சுவைக்கு எழும் சிரிப்பு அடுத்த வசனத்தை விழுங்கிவிடும். வீட்டில் எல்லாம் கேட்கிறது. ஆனால் கூடச் சிரிக்க யாருமில்லை. தனியே பார்க்கும்போது ஹாக்ஸின் வேகம் சிலருக்கு மூச்சுமுட்டலாகத் தோன்றுவது இதனால்தான். மேலும், நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வசதி இப்படங்களின் இயல்புக்கே எதிரானது. யோசிக்க நேரம் கொடுத்தால் ஹில்டி வால்டரிடம் திரும்பியிருக்க மாட்டாள். 'பிரிங்கிங் அப் பேபி' (1938) படத்தின் விலங்கியல் அறிஞரும் சிறுத்தையைத் தேடிக் காட்டுக்குள் போயிருக்க மாட்டார். நிற்காத ஓட்டமே இப்படங்களின் தர்க்கம்.

ஆகவே முதல் முறை நிறுத்தாமல், முடிந்தால் நண்பர்களோடு சேர்ந்து பார்ப்பதும், இரண்டாம் முறை துணைத்தலைப்புகளோடு நிறுத்திப் பார்ப்பதும் நல்ல வழி. ஆங்கிலம் தாய்மொழியல்லாத நமக்குத் துணைத்தலைப்பு ஊன்றுகோல்தான். ஆனால் ஒரே நேரத்தில் மூவர் பேசும்போது அது ஒருவரின் பேச்சை மட்டுமே காட்டி மற்ற இருவரைக் கைவிடுவதும் உண்டு. கண் எழுத்தில் இருக்கும்போது காதையும் திறந்து வைத்திருக்க வேண்டும்.

மதிப்பீடு

சீரமைத்த வட்டுகள் விலை அதிகம். அமெரிக்கப் பதிப்புகள் பலவற்றில் உள்ள மண்டலப் பூட்டு காரணமாக, இந்தியாவிலும் இலங்கையிலும் விற்கப்படும் சாதாரணக் கருவிகளில் அவை ஓடுவதில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரதியே பல மாணவர்களுக்கு எட்டுகிறது. அதைப் பார்ப்பதில் தவறில்லை. பார்க்காமல் இருப்பதைவிட அது மேல். ஆனால் அந்தப் பிரதியை வைத்துப் படத்தின் மீது தீர்ப்பு எழுதும் முன், நாம் குறை காண்பது இயக்குநரின் வேலையிலா, பிரதி எடுத்தவரின் வேலையிலா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். இருட்டாக இருக்கிறது, இரைச்சலாக இருக்கிறது, யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை என்று தோன்றினால், வேறொரு பிரதியில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம். எண்பது ஆண்டுகளுக்கு மேலான இப்படங்கள் இன்னும் இளமையாகவே இருக்கின்றன. முதுமை தெரிவது பெரும்பாலும் அவற்றைச் சுமந்து வந்த பிரதிகளில்தான்.