சிகரமும் சுமையும்: கிளிமஞ்சாரோ குறித்த தமிழ்ச் சித்திரிப்புகள் – கரிசல் நோக்கில் ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த மலையான கிளிமஞ்சாரோ, தமிழ்ப் பொதுவெளியில் திரைப்பாடலாகவும் சாதனைச் செய்தியாகவும் அறிமுகமாகியுள்ளது. இவ்விரு சித்திரிப்புகளிலும் மலை உச்சியாகச் சுருங்குகிறது. வழியும் சுமையும் மறைகின்றன. மலைபடுகடாம், காவடிச்சிந்து, கரிசல் புனைகதை ஆகியவற்றிலிருந்து பெறும் அளவுகோல்களைக் கொண்டு இம்மறைவை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: மலையேற்றம், கிளிமஞ்சாரோ, கரிசல் இலக்கியம், ஆற்றுப்படை, காவடிச்சிந்து, சுமை

முன்னுரை

விளாத்திகுளம் வட்டாரம் வைப்பாற்றங்கரையில் பரந்து கிடக்கும் மானாவாரி நிலம். கண்ணுக்கெட்டும் தொலைவு வரை சமவெளி; குருமலை போன்ற குன்றுகள் கோவில்பட்டிப் பக்கம்தான் தலைகாட்டும். இங்குள்ளவர்க்கு மலை என்பது முதலில் நீரின் பிறப்பிடம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை இறங்கினால்தான் வைப்பாற்றில் நீர் வரும். ஆகவே மலையைக் குறித்த கரிசல்காரரின் முதற்கேள்வி, 'அது எவ்வளவு உயரம்?' என்பதன்று, 'அது என்ன தரும்?' என்பதே.

இந்நிலப்பகுதியை உள்ளடக்கிய கரிசல் மண்டலத்திலிருந்து, விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதத்தில் எவரெஸ்டில் ஏறி, அச்சிகரத்தை அடைந்த தமிழகத்தின் முதல் பெண் என்ற சிறப்பைப் பெற்றார். கண்டங்களின் உயர்சிகரங்களை நோக்கிய அவரது பயணத்தில் கிளிமஞ்சாரோவும் ஒன்று. இத்தகைய ஏற்றங்களை எழுதத் தமிழில் என்ன மொழி இருக்கிறது என்னும் வினா இதனால் தேவையாகிறது.

பெயராகிய மலை

கிளிமஞ்சாரோ என்னும் பெயரைத் தமிழரிடையே பரவலாக்கியது 'எந்திரன்' (2010) திரைப்படத்தின் பாடலாகும். பா. விஜய் எழுதிய அப்பாடலின் காட்சிகள் தான்சானியாவில் எடுக்கப்படவில்லை. தென்னமெரிக்காவின் பெரு நாட்டிலுள்ள மச்சு பிச்சுவில் எடுக்கப்பட்டன. ஆப்பிரிக்க மலையின் பெயர், இன்கா மக்களின் கற்கட்டடங்கள், தமிழ்க் காதற்பாட்டு ஆகிய மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. 'கிளி' என்னும் ஓசை தமிழ்ச் செவிக்கு இனிப்பதால் பெயர் நிலைத்தது, இடம் நழுவிற்று. திரைப்பாடலிடம் புவியியல் நூலின் துல்லியத்தை எதிர்பார்ப்பது முறையன்று. எனினும், ஒரு மலையை அங்கு வாழும் மக்களிடமிருந்து பிரித்து வெறும் ஒலியாக்கும் போக்கிற்கு இது தெளிவான சான்று.

செய்தி நடையின் போக்கு வேறு. 'வென்றார்', 'கொடி நாட்டினார்', 'சிகரம் தொட்டார்' என்பன அதன் வழக்கமான வினைகள். இவ்வினைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1889இல் ஹான்ஸ் மேயரும் லுட்விக் புர்ட்ஷெல்லரும் உச்சியை அடைந்தபோது, அப்பகுதி ஜெர்மானிய ஆதிக்கத்தின்கீழ் வந்துகொண்டிருந்தது. மேயர் அச்சிகரத்திற்குத் தம் பேரரசரின் பெயரையே சூட்டினார். 1961இல் தாங்கனிக்கா விடுதலை பெற்றபோது அங்கே தீப்பந்தம் ஏற்றப்பட்டது. சிகரம் 'உகூரு' எனப் பெயர் பெற்றது. சுவாகிலி மொழியில் அதற்கு விடுதலை என்று பொருள். கொடி நாட்டுதலும் பெயரிடுதலும் ஆதிக்கத்தின் மொழியாக இருந்த இடத்தில், அதே வினைகளைத் தமிழ் எழுத்து சிந்தனையின்றி எடுத்தாள்வது ஆய்வுக்குரியது.

வழி: மலைபடுகடாம் தரும் அளவுகோல்

பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம், 583 அடிகளில் நன்னனின் மலைநாட்டுக்குச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுகிறது. பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்புகள் உறையும் இடங்கள், வழுக்கும் பாறைகள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள் என ஒவ்வோர் இடையூறும் எச்சரிக்கையாக அமைகிறது. எந்தக் குடியில் தங்கலாம், அவர்கள் என்ன உணவு தருவர் என்பதும் சொல்லப்படுகிறது. இந்நூலில் உச்சி இலக்கன்று. சென்று மீண்டவன் செல்லவிருப்பவனுக்குச் சொல்லும் பொறுப்புள்ள சொல்லே அதன் உயிர்.

இவ்வளவுகோலின்படி நோக்கின், கிளிமஞ்சாரோ வழியே பெரும் பொருளாகிறது. அடிவாரத்தில் சாகா மக்களின் வாழை, காப்பித் தோட்டங்கள். அவற்றுக்கு மலையோடைகளிலிருந்து நீர் கொணரும் வாய்க்கால்கள். அவற்றுக்கு மேல் மழைக்காடு, புதர்வெளி, கற்பாலை, இறுதியில் பனி. 5,895 மீட்டர் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் உயிர்வளி கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதியே. அதனால்தான் வழிகாட்டிகள் 'போலே போலே' (மெல்ல மெல்ல) என்று மீண்டும் மீண்டும் சொல்கின்றனர். விரைந்து ஏறுபவரை மலைநோய் வீழ்த்தும். வலிமையைவிட நிதானமே அங்குக் காப்பு. 'வென்றார்' என்னும் ஒற்றை வினையில் இந்த அறிவுக்கு இடமில்லை.

சுமை: காவடிச்சிந்து தரும் அளவுகோல்

சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து கழுகுமலை முருகனை நோக்கியது; ஊற்றுமலைச் சமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் 19ஆம் நூற்றாண்டில் பிறந்தது. காவடி என்பதே தோளில் தாங்கும் சுமை. நடையின் தாளமே சிந்தின் தாளம். காவடி மரபில் ஏறுபவரும் சுமப்பவரும் ஒருவரே. நேர்ந்துகொண்ட சுமையைப் பிறர் தோளுக்கு மாற்றினால் நேர்த்தி நிறைவுறாது.

கிளிமஞ்சாரோவில் இவ்விருவரும் பிரிந்துள்ளனர். கூடாரம், உணவு, நீர், சமையற்கலன் ஆகியவற்றைச் சுமையாட்கள் தலையிலும் முதுகிலும் ஏற்றிச் செல்கின்றனர். ஒருவர் சுமப்பதற்கு 20 கிலோ என்ற வரையறை உண்டு. பெரும்பாலும் ஏறுவோரைவிட இவர்களின் எண்ணிக்கையே மிகுதி. மேயருக்கு வழிகாட்டியதாகச் சொல்லப்படும் யோஹானி கின்யாலா லாவோ என்னும் சாகா இளைஞரின் பெயர் நெடுங்காலம் பரவலாக அறியப்படவில்லை. சுமந்தவர் பெயரின்றிப் போவதும் ஏறியவர் பெயர் நிற்பதும் தற்செயல் அன்று. அது சொல்லும் முறையின் விளைவு.

கால்கள்: கரிசல் புனைகதை தரும் அளவுகோல்

கரிசல் புனைகதை நடப்பவர்களின் இலக்கியம். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) தெலுங்கு நாட்டிலிருந்து தப்பி நடந்து வந்தோர், காட்டை எரித்துத் திருத்தி ஊராக்கிய கதை. பூமணியின் 'வெக்கை' (1982) கொலை செய்த சிறுவன் தந்தையுடன் தலைமறைவாக அலையும் கதை. அதில் கரடும் ஓடையும் ஒளிவிடங்கள். விளாத்திகுளம் வட்டாரத்தின் இராமச்சந்திராபுரத்தில் பிறந்த பா. செயப்பிரகாசத்தின் சிறுகதைகள் வெயிலில் உழைக்கும் உடல்களின் மீது நிலைகொண்டவை. இவ்வெழுத்தில் நடை பொழுதுபோக்கன்று, பிழைப்பின் வடிவம். ஆகவே, இம்மரபில் பயின்ற வாசகர் மலையேற்றக் குறிப்பொன்றைப் படிக்கையில், மூட்டையை யார் தூக்கினார், கூலி எவ்வளவு என்று கேட்பார். அக்கேள்வியே கரிசல் திறனாய்வின் கொடை.

மறுப்பும் விளக்கமும்

இங்கு ஒரு மறுப்பு எழலாம். வானம் பார்த்த பூமியில், பெண்ணின் நடமாட்டத்திற்கே எல்லை வகுக்கும் சூழலிலிருந்து ஒருத்தி பனிமலை ஏறும்போது, 'வென்றாள்' எனச் சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? இம்மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் அவள் வென்றது மலையை அன்று, தடைகளை. பொருளாதார நெருக்கடி, குடும்பத்தின் அச்சம், ஊரின் சொல் ஆகியவை அவள் ஏறிய முதல் மலைகள். 'சிகரத்தை வென்றார்' என்னும் தொடர் வெற்றியைத் தவறான இடத்தில் வைத்து, உண்மையான போராட்டத்தைக் கண்ணுக்கு மறைக்கிறது. எனவே அவ்வினையைத் துறப்பது சாதனையைக் குறைப்பதாகாது. அதற்குரிய இடத்தைக் காட்டுவதாகும்.

முடிவுரை

கிளிமஞ்சாரோவைத் தமிழில் எழுதப் புதுமொழி தேட வேண்டியதில்லை. வழியைச் சொல்ல மலைபடுகடாமும், சுமையை உணர்த்தக் காவடிச்சிந்தும், நடப்பவரின் உடலை எழுதக் கரிசல் புனைகதையும் உள்ளன. கிபோ உச்சியின் பனிப்பரப்பில் பெரும்பகுதி கடந்த நூறாண்டில் உருகிவிட்டது. கொடி நாட்டும் இடமாக மட்டும் மலையைக் காணும் எழுத்து இவ்விழப்பைப் பதிவு செய்யாது. நீரின் பிறப்பிடமாக மலையைக் காணும் மானாவாரி நிலத்தின் எழுத்து பதிவு செய்யும். இனி வரும் தமிழ் மலையேற்ற நூல்கள் ஏறியவரின் பெயரோடு சுமந்தவரின் பெயரையும் அச்சிடுமாயின், அதுவே இம்மரபின் இயல்பான தொடர்ச்சியாகும்.