கட்டடக்கலையும் சமூக ஆய்வும்: புதிய குர்னா பற்றிய ஒரு நோக்கு

கட்டடக்கலைஞர் சமூக விஞ்ஞானத்தின் துணையைப் பெறவேண்டும் என்னுங் கூற்று இன்று பெரும்பாலும் மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. ஆயின், அவ்வாய்வு எக்கட்டத்திலே, யாருடைய நலன் கருதி மேற்கொள்ளப்படுகின்றது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. எகிப்தியக் கட்டடக்கலைஞர் ஹஸன் பத்ஹி எழுதி, 1973இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தாரால் வெளியிடப்பட்ட 'ஏழைகளுக்கான கட்டடக்கலை' என்னும் நூலை இந்நோக்கில் அணுக விழைகின்றோம்.

லக்ஸர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், பண்டைய கல்லறைகளின் மீது குர்னா மக்கள் குடியிருந்தனர். கல்லறைக் களவைத் தடுக்கும் நோக்குடன் அவர்களை அகற்றத் தொல்பொருள் திணைக்களம் முடிவுசெய்தது. ஏறத்தாழ 7,000 பேருக்கான புதிய கிராமத்தை அமைக்கும் பணி 1945இல் பத்ஹியிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஒரே அச்சில் வார்த்த வீட்டு வரிசைகளை அவர் நிராகரித்தார். 'பதனா' எனப்படும் உறவுக் குழுவைச் சேர்ந்த குடும்பங்கள் பொது முற்றமொன்றைச் சூழ்ந்து வாழுமாறு வீடுகளை வகுத்தார். வெயிலில் உலர்த்திய மண்கல்லையும், மரத் தாங்கலின்றி வளைகூரை எழுப்பும் நூபிய மேசன்மாரின் திறனையும் பயன்படுத்தினார். மக்களின் வாழ்க்கைமுறை பற்றிய அறிவு வடிவமைப்பை எவ்வளவு வளப்படுத்தும் என்பதற்கு இது சிறந்த சான்றாகும்.

எனினும், மக்கள் அங்கு குடிபெயர மறுத்தனர். 1948இல் வேலைகள் முற்றுப்பெறாமலே நின்றன. அதிகாரிகளின் அசட்டையையும் கிராமத்தவரின் எதிர்ப்பையும் பத்ஹி விரிவாக எடுத்துரைக்கின்றார். விளைநிலம் செல்வர் சிலரின் கையிலிருந்தமையையும் அவர் அறிந்திருந்தார். ஏனையோருக்கு அகழ்வாய்வுக் கூலியும், தொல்பொருள் விற்பனையும், உல்லாசப் பயணிகளிடமிருந்து கிடைத்த வருவாயுமே வாழ்வாதாரம். கைப்பணிப் பயிற்சியை மாற்றுத் தொழிலாக அவர் திட்டமிட்டமை பாராட்டத்தக்கதே. ஆயினும், அம்மக்கள் அகற்றப்படவேண்டுமா என்னும் அடிப்படை வினா ஆய்வின் எல்லைக்குள் வரவேயில்லை. அது அரச ஆணையாக முன்னரே தீர்ந்துவிட்டிருந்தது. உறவுமுறையை நுணுகிக் கண்ட பார்வை, அவ்வாணைக்கு அடிப்படையாயிருந்த சொத்துறவுகளையும் அதிகார உறவுகளையும் வினவவில்லை என்பதே எமது கருத்தாகும்.

இக்குறை பத்ஹி ஒருவருக்கே உரியதன்று. 2006இன் இறுதியிலிருந்து பழைய குர்னாவின் வீடுகள் பெருமளவில் இடிக்கப்பட்டு, மக்கள் வேறிடத்திலே குடியேற்றப்பட்டனர். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் முடிவெடுக்கும் உரிமை அவர்களிடம் வந்துசேரவில்லை.

திட்டம் தீர்மானிக்கப்பட்ட பின்னர் அழைக்கப்படும் சமூக ஆய்வாளர் முற்றத்தின் அளவையும் வாயிலின் திசையையும் திருத்த உதவலாம். குடியிருப்போரின் தொழில், நிலவுரிமை, விருப்பம் ஆகியன கட்டடம் எழுமுன்னரே, வேண்டாம் என்று கூறும் அவர்களது உரிமையுடன் சேர்த்து ஆராயப்படும்போதுதான் சமூக விஞ்ஞானம் கட்டடக்கலைக்கு மெய்யான துணையாகும்.