துணியின் மறுபக்கம்

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின்னால் வந்த தோட்டத்துரைகளோடு சோலா தொப்பியும் மலையேறியது. பழைய புகைப்படங்களில் அந்தத் தொப்பியைப் பார்ப்பவர்கள் அதன் வடிவத்தை ரசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதன் துணியைக் கவனிப்பதில்லை. உள்ளே இருப்பது நெட்டி. நீர்நிலைகளில் வளரும் அந்தச் செடியின் வெண்தண்டைச் சீவி, அச்சின் மேல் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைப்பார்கள். தஞ்சாவூரில் பெரிய கோயிலின் மாதிரிகளைச் செய்வதும் இதே நெட்டியில்தான். தொப்பியில் அந்த நெட்டியின் மேல் முறுக்கான பருத்தித் துணி போர்த்தியிருக்கும். விளிம்புக்கு மேலே, தலையைச் சுற்றிய இடத்தில், மெல்லிய நீளத்துணி ஒன்று மடிப்பு மடிப்பாக ஓடும். அது இந்நாட்டுத் தலைப்பாகையின் மிச்சம். ஆஸ்திரேலியப் படைவீரர்களின் அகலத் தொப்பியில் இன்றைக்கும் அது ஏழு மடிப்போடு இருக்கிறது. துரைகளின் தொப்பி ஏறிய அதே சேர்வராயன் மலையில், காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தம் முன்னோர் கதை சொல்லும் மலையாளிப் பழங்குடியினர் கத்தரிக்கோல் படாத துணியைத் தலையில் கட்டினார்கள். தோளில் கம்பளி போட்டுக்கொண்டார்கள். மழைக்குக் கம்பளியையோ சாக்கையோ கொங்காடையாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம்.

தொப்பி வடிவமைப்பவர்களிடம் இப்போது பழங்காலச் சாயல் கொண்ட துணிகளுக்கு மவுசு அதிகம். மங்கிய பூக்கள், வெளுத்த கட்டங்கள், பாட்டி காலத்துச் சீட்டித் துணியின் நிறங்கள் என்று தேடித் தேடி எடுக்கிறார்கள். ஆசை நல்லதுதான், ஆனால் தேடுகிற இடம் சரியில்லை. பழைய துணியிலிருந்து தொப்பிக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் முகத்தை அல்ல, அது மடிகிற விதத்தை. சட்டைத் துணிக்கு ஒரு பக்கம் நன்றாக இருந்தால் போதும். தலையில் ஏறும் துணி சுற்றும், திரும்பும், முடிச்சாகும், நுனி விரியும். அதன் மறுபக்கம் எந்த நேரத்திலும் வெளியே தெரிந்துவிடும். அச்சடித்த கட்டத் துணியை ஒருமுறை முறுக்கினால் போதும், வெளிறிய பின்புறம் எட்டிப் பார்க்கும். நூலுக்கே சாயம் ஏற்றிப் பாவிலும் ஊடையிலும் நெய்த கட்டத்துக்கு முன், பின் என்ற பேதம் கிடையாது.

இதற்கு மிகப் பெரிய சாட்சி மெட்ராஸ் கைக்குட்டை. பெயரில்தான் கைக்குட்டை, கிட்டத்தட்ட ஒரு கஜச் சதுரமான அந்தக் கட்டத் துணி உலகத்தைச் சுற்றியது தலைகளின் மேல் ஏறித்தான். கரீபியத் தீவுகளான மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் பெண்கள் அதைத் தலைக்கட்டாக்கினார்கள். வெறுமனே கட்டிக்கொள்ளவும் இல்லை. வெளிர்நிறக் கட்டங்களின் மேல் பிசினில் குழைத்த மஞ்சள் நிறத்தைக் கையால் தீட்டினார்கள். நிறம் பளிச்சிட்டது, துணியும் விறைத்து நின்றது. அலங்காரமும் கஞ்சியும் ஒரே வேலையில் முடிந்துவிடும் இந்தச் சாமர்த்தியத்துக்கு இணையாக இன்றைய தொப்பிப் பட்டறைகளில் ஒன்றைக் காட்டுவது கடினம். நைஜீரியாவின் கலபாரி மக்களோ எதிர்த்திசையில் போனார்கள். இங்கிருந்து போன கட்டத் துணியில் சில இழைகளை மட்டும் நுணுக்கமாக வெட்டி உருவி, மிஞ்சிய இழைகளால் புதுக் கோலம் உண்டாக்கினார்கள். ஓரிடத்தில் சேர்த்தார்கள், இன்னோரிடத்தில் நீக்கினார்கள். நெசவின் அமைப்பு தெளிவாக இருந்ததால்தான் இரண்டுமே முடிந்தது. அச்சுக் கட்டத்தில் இழையை உருவினால் படம் சிதையும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு தையல்காரர் மறுப்புச் சொல்லலாம்: தொப்பிக்கு உள்ளே பக்ரம் வைக்கிறோம், லைனிங் கொடுக்கிறோம், மறுபக்கம் எங்கே தெரியப்போகிறது? ஆறு மடல் வெட்டித் தைக்கும் தொப்பிக்கு இது ஓரளவு நியாயமான கேள்வி. சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டு ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகள் வாங்கும் தொப்பிக்கு அச்சுத் துணியே போதும். அதில் குறை சொல்வது வீண். ஆனால் மடல் என்பது முக்கோணம். கட்டத் துணியை முக்கோணமாக வெட்டினால் இரு ஓரங்களிலும் இழை சாய்ந்துவிடும், தைக்கும்போது இழுபடும், உச்சியில் கட்டங்கள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும். அச்சுத் துணியில் இன்னொரு தொல்லையும் உண்டு. அச்சின் கோடு இழையோடு சரியாகப் பொருந்தாமல் போனால், நேராக வெட்டியதும் கோணலாகத் தெரியும். ஆகவே துணியை மறைத்து வைத்தாலும் நெசவு தன் கணக்கைக் கேட்காமல் விடுவதில்லை.

பழமைப் பித்தர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. மெட்ராஸ் துணி 1950களின் இறுதியில் அமெரிக்காவில் புகழடைந்தது சாயம் ஒழுகுவதை வைத்து. ஒவ்வொரு சலவைக்கும் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து துணி புதுசாகிறது என்று, குறையையே பெருமையாக்கி விளம்பரம் செய்து விற்றார்கள். சட்டையில் அது அழகாக இருந்திருக்கும். தொப்பியில் அது நெற்றி வியர்வையோடு கலந்து புருவத்தில் இறங்கும். உண்மைத்தன்மை என்ற பெயரில் ஒழுகும் சாயத்தைத் தொப்பிக்குக் கேட்பது ரசனையாகாது. நெசவு பழையதாகவும் சாயம் புதியதாகவும் இருக்கட்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது. மெட்ராஸ் துணி மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமை வாணிபத்தின் பண்டமாற்றுச் சரக்காக இருந்தது. சோலா தொப்பி துரைத்தனத்தின் அடையாளம். இவற்றில் அழகு தேடலாமா? தேடலாம், யார் கையில் அது அழகானது என்பதை மறக்காமல். 1786இல் லூசியானாவின் ஸ்பானிய ஆளுநர் எஸ்தெபான் மீரோ, சுதந்திரக் கறுப்பினப் பெண்கள் தங்கள் கூந்தலைத் துணியால் மூடிக்கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார். பகட்டைக் குறைப்பது நோக்கம். அந்தப் பெண்கள் வண்ணத் துணிகளை உயர உயரச் சுற்றி, தடையையே அலங்காரமாக்கிக் காட்டினார்கள். அந்தச் சுற்றில் பாடம் இருக்கிறது. துரையின் நெட்டிக் குடுவையை அப்படியே நகலெடுப்பதில் எனக்கு எந்தக் கிளர்ச்சியும் இல்லை. அதைச் சுற்றிய பாகையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டால் போதும்.

எடுத்துக்கொண்டு என்ன செய்வது என்றால், சேர்வராயன் மலையடிவாரத்திலேயே விடை கிடைக்கிறது. சேலத்து வெண்பட்டு புவிசார் குறியீடு பெற்ற துணி. அதன் உடல் வழுக்கிக் குழையும், ஜரிகைக் கரையோ கனத்து நிற்கும். அங்கவஸ்திரத்தை வெட்டாமல் நீளவாக்கில் மடித்துத் தொப்பியைச் சுற்றினால், ஒவ்வொரு மடிப்பின் விளிம்பிலும் கரை தானாகக் கோடு போட்டுக்கொடுக்கும். தனியே நாடா தைக்கத் தேவையில்லை. கொங்கு நாட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு உருமால் என்னும் தலைப்பாகை கட்டுவதை ஒரு சீராகவே வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டும் கைகளுக்குத் துணியின் எந்தப் பாகம் குழையும், எது நிற்கும் என்று தெரியும். வடிவமைப்பாளர் மாதிரிப் புத்தகத்தைப் புரட்டும் முன் அந்தக் கைகளைப் பார்ப்பது நல்லது. ஒரே ஒரு எச்சரிக்கை. சமவெளியில் கஞ்சி போட்டு நிறுத்திய மடிப்பு, சுமார் 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் ஒரு காலைப் பொழுதுக்குள் தொய்ந்துவிடும். மலைக்கான தொப்பிக்கு விறைப்பு நூலின் பருமனிலிருந்தே வரவேண்டும். முறுக்கேறிய தடித்த நூலில், கம்பளியின் நெசவை ஒத்து, அடர்த்தியாக நெய்த துணிதான் அங்கே மடித்த மடிப்பில் நிற்கும்.