செவியில் தங்கிய மொழி: எழுபதுகளின் கீத்மாலா பாடல்கள் – ஒரு மீள்நோக்கு

2024 பெப்ரவரி 20ஆம் நாள் மும்பையில் அமீன் சயானி தமது 91ஆம் வயதில் காலமானார். அவரது மறைவையொட்டி வெளிவந்த அஞ்சலிகள் பெரும்பாலும் ஒரே திசையில் சென்றன. புதன்கிழமை இரவு எட்டு மணி, வானொலிப் பெட்டியைச் சூழ்ந்தமர்ந்த குடும்பம், ‘பினாக்கா கீத்மாலா’வில் இவ்வாரம் முதலிடத்தில் நிற்கும் பாடல் எது என்னும் ஆவல் ஆகியவையே மீண்டும் மீண்டும் நினைவுகூரப்பட்டன. அந்நினைவுகளின் இனிமையை எவரும் மறுப்பதற்கில்லை. எனினும், கடந்த காலத்தை இனிமை கருதி மட்டும் நினைப்பவர் அதில் எதை இழந்தோம் என்பதைக் காணத் தவறிவிடுகின்றார். அந்நிகழ்ச்சியின் புகழ் உச்சத்திலிருந்த 1970க்கும் 1975க்கும் இடைப்பட்ட ஆண்டுகளின் முதலிடப் பாடல்களை முன்வைத்து இவ்விழப்பினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டியல் பிறந்த கதை

1952இல் இந்திய அரசின் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களைத் தரம் தாழ்ந்தவையாகக் கருதினார். அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இடம் சுருங்கிப் பின்னர் இல்லாமலே போயிற்று. அவ்வெற்றிடத்தை நிரப்பியது இலங்கை வானொலி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேச நாட்டுப் படையினருக்காகக் கொழும்பில் நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க சிற்றலைக் கருவிகள், போருக்குப் பின்னர் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. பம்பாயில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட நாடாக்கள் கொழும்புக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து இந்தியா முழுவதற்கும் ஒலிபரப்பாயின. சொந்த நாட்டு வானொலி புறந்தள்ளிய பாடலை அந்நாட்டு மக்கள் கடல் கடந்த நிலையமொன்றின் வாயிலாகக் கேட்டனர்.

1952 டிசம்பர் 3ஆம் நாள் தொடங்கிய கீத்மாலா முதலில் நேயர் போட்டியாகவே அமைந்தது. முதல் நிகழ்ச்சிக்கு 9,000 கடிதங்கள் வந்தன என்றும், ஓராண்டுக்குள் அது வாரத்திற்கு 65,000ஆகப் பெருகிற்று என்றும் சயானியே நேர்காணல்களில் கூறியுள்ளார். அத்தனை கடிதங்களையும் பிரித்துத் தரப்படுத்துதல் இயலாமற் போகவே, 1954இல் அது பாடல்களை வரிசைப்படுத்தும் ஒரு மணிநேர நிகழ்ச்சியாக மாற்றப்பட்டது. இசைத்தட்டு விற்பனையும் நேயர் மன்றங்களின் தெரிவும் வரிசையைத் தீர்மானித்தன. ஆகவே, அது ஒரு பற்பசை நிறுவனத்தின் விளம்பரத்திற்காக நடத்தப்பட்ட, சந்தையின் அளவுகோலால் அளக்கப்பட்ட பட்டியலே என்பதை நாம் மறத்தலாகாது.

எனினும் அச்சந்தையில் ஒலித்த குரலுக்குப் பின்னால் வேறொரு மரபும் இருந்தது. சயானியின் தாயார் குல்சும் சயானி, காந்தியடிகளின் ஊக்கத்தால் ‘ரஹ்பர்’ என்னும் இதழை 1940 முதல் 1960 வரை நடத்தினார். எளிய இந்துஸ்தானி மொழியில் அமைந்த அவ்விதழ் தேவநாகரி, உருது, குஜராத்தி ஆகிய மூன்று வரிவடிவங்களிலும் அச்சாயிற்று. இந்து, முஸ்லிம் இரு சாராரும் வாசிக்கத்தக்க ஒரு பொதுமொழியே அதன் இலட்சியம். இளமையில் அப்பணியில் தாய்க்குத் துணைநின்ற மகன், அதே மொழியைப் பின்னர் வானொலியில் பேசினார். தாய் மூன்று எழுத்துகளில் அச்சிட்டதை, மகன் எழுத்தே இன்றி ஒலியாக வழங்கினார். இவ்வேறுபாடு பின்னர் நமக்குத் தேவைப்படும்.

ஆறு ஆண்டுகளின் முதலிடங்கள்

கீத்மாலாவின் ஆண்டிறுதிப் பட்டியல்களில் 1970ஆம் ஆண்டின் முதலிடம் ‘தோ ராஸ்தே’ படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாடலுக்குக் கிடைத்தது. 1971இல் ‘அந்தாஸ்’ படத்திற்காகக் கிஷோர்குமார் பாடியதும், 1972இல் ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’ படத்தில் ஆஷா போஸ்லே பாடியதும் முதலிடம் பெற்றன. 1973இல் ‘ஸஞ்சீர்’ படத்தில் மன்னா டேயின் பாடல். 1974இல் ‘கோரா காகஸ்’ படத்தில் மீண்டும் கிஷோர்குமார். 1975இல் ‘ரோட்டி, கப்டா அவுர் மக்கான்’ படத்தின் கவ்வாலிப் பாடல்.

இவ்வரிசையை ஒருங்கே நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். எழுபதுகளின் முற்பகுதியை ஒரே நிறத்தில் தீட்டிக் காட்டுவோரை இப்பட்டியலே மறுக்கின்றது. புகைபிடித்து உலகை மறக்கும் ஹிப்பி இளைஞரின் பாடலும், நட்பின் உறுதியைப் போற்றும் பட்டாணியரின் பாடலும் அடுத்தடுத்த ஆண்டுகளில் உச்சியில் நின்றன. வாழ்வை இனிய பயணமாகக் கண்ட பாடலுக்கும், விலைவாசியால் மாண்டோம் எனப் புலம்பிய பாடலுக்கும் இடைவெளி நான்கே ஆண்டுகள். அந்த நான்கு ஆண்டுகளுக்குள் வங்கதேசப் போர், எண்ணெய் நெருக்கடி, 20 விழுக்காட்டைத் தாண்டிய விலையேற்றம், 1974 மே மாத இரயில்வே வேலைநிறுத்தம் ஆகியவை அடுக்கடுக்காக நிகழ்ந்தன. 1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டின் பட்டியலில்தான் கோதுமையும் சர்க்கரையும் எட்டாக்கனியான வீட்டின் குரல் முதலிடம் பெற்றது. இதனை இனிய பொற்காலத்தின் ஓசை என எவ்வாறு கூறுவது?

‘ஈமான்’ என்னும் சொல்

1973ஆம் ஆண்டின் பாடல் நம் தனிக்கவனத்திற்குரியது. நட்பையே தன் ஈமான் எனக் கூறும் பட்டாணியன் ஷேர் கானாகத் திரையில் தோன்றியவர் பிரான். கதை வசனம் சலீம்–ஜாவேத் இருவருடையது. பாடலை எழுதிய குல்ஷன் பாவ்ரா, இன்று பாகிஸ்தானில் உள்ள ஷேக்புராவில் பிறந்தவர். 1947இன் பிரிவினைக் கலவரத்தில் சிறுவனாகவே பெற்றோரை இழந்தவர். அக்கலவரத்தின் காயத்தைச் சுமந்த ஒருவர், ஒரு முஸ்லிம் பாத்திரத்தின் வாயில் ‘ஈமான்’ என்னும் சொல்லை வைத்து, அதனை நம்பகத்தின் உச்சமாக உயர்த்தினார். நாடு முழுவதும் அச்சொல்லைப் பாடிற்று. சிறந்த பாடலாசிரியருக்கான ஃபிலிம்ஃபேர் விருதும் அவருக்குக் கிடைத்தது.

மார்க்க அறிவுடையோர் சிலர் இங்குத் தயங்கக்கூடும். இறைவன் மீதான நம்பிக்கையைக் குறிக்கும் சொல்லை மனித நட்புக்குச் சூட்டுதல் தகுமோ என்பது அவர்தம் வினா. வினா நியாயமானதே. ஆயினும் உருது வழக்கில் ‘ஈமான்’ நேர்மையையும் வாக்குத் தவறாமையையும் சேர்த்தே குறிக்கும். நேர்மையற்றவனைப் ‘பே ஈமான்’ என்பர். அப்பெயரிலேயே 1972இல் ஒரு படம் வெளிவந்தது. மக்கள் வழக்கில் ஒரு மார்க்கச் சொல் நெகிழ்ந்து பரவுதல் அதன் கறார்த்தன்மையைச் சற்றுக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்நெகிழ்ச்சியே அச்சொல்லைப் பிற சமயத்தார் நாவிலும் மதிப்புடன் அமர்த்தியது என்பதும் உண்மை. பிரிவினைக்கு 26 ஆண்டுகளுக்குப் பின் இது நிகழ்ந்தது என்பதை நினைவிற்கொண்டால் இதன் பெறுமதி விளங்கும்.

அளவுகோல் காணாதவை

பட்டியலின் குறைகளையும் கூறாமல் விடுதல் முறையன்று. 1972 பெப்ரவரியில் வெளிவந்த ‘பாகீஸா’, உருதுக் கவிமரபும் தும்ரி மரபும் இணைந்த அரிய படைப்பு. அதன் இசையமைப்பாளர் குலாம் முஹம்மது, படம் வெளிவருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1968இல் மறைந்துவிட்டார். எஞ்சிய பணியை நௌஷாத் நிறைவேற்றினார். அவ்வாண்டின் முதலிடம் அப்படத்திற்குக் கிட்டவில்லை. ஃபிலிம்ஃபேர் இசை விருதும் ‘பே ஈமான்’ படத்திற்கே சென்றது. அதே ‘பே ஈமான்’ படத்தில் நடித்தமைக்காகத் தமக்கு வழங்கப்பட்ட துணை நடிகர் விருதைப் பிரான் ஏற்க மறுத்தார். மறைந்த குலாம் முஹம்மதுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்பதே அவர் காட்டிய காரணம். விருதை இழந்து நேர்மையைக் காத்த அந்நடிகர்தாம் அதே 1973இல் திரையில் ஈமானைப் பாடினார்.

முஹம்மது ரஃபியின் நிலையும் இத்தகையதே. மேற்கண்ட ஆறு முதலிடங்களில் அவர் பெயர் இல்லை. ‘அந்தாஸ்’ பாடலை அவரும் வேறொரு வடிவில் பாடியிருக்க, நினைவில் நின்றது கிஷோர்குமாரின் குரலே. 1969இன் ‘ஆராதனா’வுக்குப் பின் சந்தை திரும்பிய திசையைப் பட்டியல் பதிவுசெய்தது, ரஃபியின் குரல் வளத்தை அது அளக்கவில்லை. வாரக் கணக்கு வாரத்திற்கே உரியது. பாகீஸாவின் பாடல்கள் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் கேட்கப்படுகின்றன என்பது வேறு கணக்கு.

கேட்பவர் உள்ளம்

இசை கேட்டலின் ஒழுக்கங்களைத் தமது ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் தனிப் பகுதியாகவே ஆராய்ந்த இமாம் கஸ்ஸாலி (1058–1111), இசை உள்ளத்தில் இல்லாததை அதில் புகுத்துவதில்லை. ஏற்கெனவே இருப்பதையே அசைக்கின்றது எனும் கருத்தினை முன்வைத்தார். இசையின் ஆகுமான நிலை குறித்து உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகள் ஒருபுறமிருக்க, இக்கூற்று விமரிசனத்திற்கு ஒரு சிறந்த கருவியாகும். 1975இன் கவ்வாலியை இதன்வழி நோக்கலாம். அமீர் குஸ்ரவ் பெயரோடு இணைத்துப் பேசப்படும் அவ்வடிவம் சூஃபிகளின் அவையில் இறைக்காதலைக் கிளர்த்த வளர்ந்தது. லதா, முகேஷ், சஞ்சல் ஆகியோருடன் ஜானி பாபு கவ்வால் சேர்ந்து பாடிய திரைக் கவ்வாலியில் அது வயிற்றின் முறையீடாயிற்று. வடிவம் தன் அவையை இழந்தது மெய்யே. எனினும் கைதட்டலோடு ஒருவர் தொடங்கப் பலர் ஏற்று உயர்த்தும் அம்முறை, தனியொருவர் துயரைக் கூட்டத்தின் குரலாக்கும் ஆற்றலை அங்கும் இழக்கவில்லை. அது அசைத்தது அன்றைய உள்ளங்களில் ஏற்கெனவே இருந்த பசியை.

எழுத்து போனபின்

இனி நாம் தொடக்கத்தில் குறித்த இழப்புக்கு வருவோம். இப்பாடல்கள் முதலிடம் பெற்ற அதே ஆண்டுகளில், உருது மொழியின் வளர்ச்சிக்கான வழிகளை ஆராய ஐ.கே. குஜ்ரால் தலைமையில் 1972இல் அமைக்கப்பட்ட குழு, 1975இல் தன் அறிக்கையை அளித்தது. உத்தரப் பிரதேசம் 1951இல் இந்தியை ஆட்சிமொழியாக்கியபின் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் உருது எழுத்து பின்வாங்கியிருந்தது. வானொலியில் கோடிக்கணக்கானோர் உருதுச் சொற்களைப் பாட, அவற்றை எழுதத் தெரிந்தோர் தொகை குறைந்துகொண்டே வந்தது. பாடல் மொழியைக் காத்தது என்போர் பாதி உண்மையையே கூறுகின்றனர். பாடல் ஒலியைக் காத்தது. எழுத்தைக் காக்க அதனால் இயலவில்லை.

இதன் பொருளை ஒரு சொல்லால் விளக்கலாம். 1971இன் பாடலில் ஹஸ்ரத் ஜெய்ப்பூரி வாழ்வை ‘ஸஃபர்’ என்றார். பயணம் என்பது பொருள். உருது எழுத்தில் பயணமாகிய ஸஃபர் ‘ஸீன்’ எழுத்தாலும், மாதமாகிய ஸஃபர் ‘ஸாத்’ எழுத்தாலும் தொடங்கும். தேவநாகரியில் இரண்டும் ஒன்றே. தமிழிலோ பயணமும், மாதமும், பொறுமையைக் குறிக்கும் ‘ஸப்ர்’ என்பதும் பலவேளை ‘சபர்’ என ஒரே வடிவில் அச்சாகின்றன. பொருள் தேடிக் கடல் கடந்தவனைச் ‘சபராளி’ என்றழைக்கும் நம் கடலோர ஊர்களில், அவன் மனைவிக்கு முதற் சபர் இரண்டாம் சபரையே கேட்டது. அவளுக்குப் பயணம் இனியதாக இருந்ததில்லை. இவ்விரண்டையும் பிரித்தெழுதும் ஆற்றல் நம்மிடம் ஒருகாலத்தில் இருந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) ‘மகானி’யை இயற்றிய அரபுத் தமிழ் எழுத்து அதுவே. நம் மூதாட்டியர் ஓதிய அவ்வேடுகள் இன்று பல வீடுகளில் பேழைக்குள் கிடக்கின்றன. சொற்கள் நம் நாவில் உள்ளன. அவற்றின் எழுத்து கையைவிட்டுப் போயிற்று.

ஆகவே, கீத்மாலாவை நினைந்துருகும் வட இந்திய முதியவரும், பாட்டியின் பாடலை நினைவுகூரும் தமிழ் முஸ்லிமும் ஒரே நிலையில் நிற்கின்றனர். அமீன் சயானியின் பழைய தொகுப்புகள் 2017 முதல் விற்பனைக்கு வந்த ‘காரவான்’ கருவியில் அடங்கியுள்ளன; பொத்தானை அழுத்தினால் அக்குரல் ஒலிக்கும். பேரக்குழந்தையும் கேட்டு மகிழ்கின்றது. ஆனால் அச்சொல் எங்கிருந்து வந்தது, எவ்வாறு எழுதப்படும் என அக்குழந்தை வினவினால் விடைகூற வீட்டில் எவருமில்லை. அவ்விடையைத் தேடிக் கற்றுக் கொடுப்பதே குல்சும் சயானி மூன்று எழுத்துகளில் தொடங்கிய பணியின் எஞ்சிய பகுதியாகும். கேட்டு நெகிழ்தல் எளிது. பேழையைத் திறந்து எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்குதல் கடினம். எனினும் அதற்கான காலம் இன்னும் முற்றாகக் கடந்துவிடவில்லை.