ஒன்றரை வகை வினை: பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தை மறுபடி வாசித்தபோது

ஐநூறு பிரதி அச்சாகும் கவிதைத் தொகுப்புக்கு நாலு பேர் மதிப்புரை எழுதுகிறார்கள். லட்சக்கணக்கில் அச்சாகி, ஒரு வருஷம் முழுக்கப் பிள்ளைகள் கையோடு கிடக்கும் பாடப்புத்தகத்துக்கு யாரும் எழுதுவதில்லை. வந்த புதிதில் செய்தித்தாளில் 'கடினம்' என்று ஒரு பெட்டிச் செய்தி, 'தரம் உயர்ந்தது' என்று இன்னொன்று, அத்தோடு சரி. அதனால் இந்தக் குறிப்பு. புத்தகம்: தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல், தமிழ்வழி, இரண்டு தொகுதிகள், 2019-ல் வந்த புதிய பாடத்திட்டம்.

இதை வைத்து முதன்முதலில் படித்த செட்டில் நானும் ஒருத்தன். ஊர் கூத்தாநல்லூர். மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் நடுவில், ரோட்டின் இரண்டு பக்கமும் வயல், வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூரிலோ சவுதியிலோ இருக்கும் ஊர். முதல் செட் என்றால் என்னவென்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பழைய கேள்வித்தாள் கிடையாது. புளூ பிரிண்ட்டை அதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். கைடு லேட்டாக வந்தது. கெமிஸ்ட்ரி சாரே பாடத்தை நமக்கு ஒரு வாரம் முன்னாடி படித்துவிட்டு வருவார். அதை மறைக்கவும் மாட்டார். "வாங்கடா, சேர்ந்து பாப்போம்" என்பார். பிளஸ் ஒன் படிக்கும்போது 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்து, கரண்ட் இல்லாமல் பல நாள் கிடந்தோம். அதனால் பிளஸ் டூ வருஷமாவது ஒழுங்காக நடக்கும் என்று எல்லோரும் நம்பினோம். அது எப்படி முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பழைய புத்தகத்தில் 22 பாடம். துண்டு துண்டாக, ஒவ்வொன்றும் நாலு கேள்விக்காக எழுதின மாதிரி இருக்கும். அண்ணன்மார்களிடம் வாங்கிப் பார்த்திருக்கிறேன். எதை விட்டாலும் பாஸ் ஆகலாம் என்று கணக்குப் போட்டு, பாதிப் புத்தகத்தைத் தொடாமலே 190 வாங்கினவர்கள் உண்டு (அப்போது மொத்தம் 200). புதுசில் 15 பாடம்தான். ஆனால் ஒவ்வொன்றும் கனமானது. உலோகவியலில் தொடங்கி, பி தொகுதி தனிமங்கள், அணைவு வேதியியல், திடநிலை, வேதிவினை வேகவியல் என்று முதல் தொகுதி போகும். அயனிச் சமநிலை, மின்வேதியியல், புறப்பரப்பு வேதியியல், பிறகு கரிம வேதியியல் என்று இரண்டாம் தொகுதி. பாடங்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன. உலோகவியலில் எல்லிங்கம் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டால், பிளஸ் ஒன்னில் படித்த வெப்ப இயக்கவியல் எதற்கு என்று அங்கே புரியும். எந்த வெப்பநிலையில் கார்பனால் எந்த ஆக்சைடை ஒடுக்க முடியும் என்பதை ஒரு படத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம். எனக்கு வேதியியலில் பிடிப்பு வந்தது அந்தப் படத்தால்தான். இப்போது பிழைப்பும் அதில்தான் ஓடுகிறது.

அணுக்கரு வேதியியலைத் தூக்கிவிட்டார்கள். இயற்பியலில் இருக்கிறதே என்று நியாயம் சொல்லலாம். கல்பாக்கத்தையும் கூடங்குளத்தையும் வைத்துக்கொண்டு அதை வேதியியலில் இருந்து எடுத்தது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் அது வேறு சண்டை.

என் முக்கியமான பேச்சு சொற்களைப் பற்றி. தமிழ்வழியில் படித்தவனுக்குச் சொல்தான் முதல் வாத்தியார். ஆங்கிலவழிப் பிள்ளைக்கு அந்தச் சொல் வெறும் சத்தம், மனப்பாடம் செய்துகொள்ளும். நமக்கோ அந்தச் சொல்லே ஒரு அர்த்தத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறது. அது சரியான அர்த்தமாக இருந்தால் பாதிப் பாடம் முடிந்தது. தப்பான அர்த்தமாக இருந்தால் வருஷம் முழுக்க அதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

சரியான இடங்கள் இருக்கின்றன, சில பிரமாதமானவை. லிகண்ட் என்பதற்கு 'ஈனி'. லத்தீன் மூலத்தில் அந்தச் சொல்லுக்குக் கட்டுவது என்று பொருள். தமிழில் வைத்தவர் கட்டுவதை விட்டுவிட்டு ஈனுவதைப் பிடித்தார். மாடு கன்று ஈனும், பயிர் கதிர் ஈனும், இங்கே மூலக்கூறு எலக்ட்ரான் இரட்டையை ஈனுகிறது. உண்மையில் அங்கே நடப்பதும் அதுதான். மூலத்தை விட மொழிபெயர்ப்பு அதிகம் சொல்கிறது. அதே மாதிரி அட்சார்ப்ஷன், அப்சார்ப்ஷன் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். கல்லூரியில் ஆங்கிலவழியில் வந்த நண்பர்கள் இதில் குழம்பியதைப் பார்த்தேன். நமக்குப் பரப்பு கவர்தல், உட்கவர்தல். குழம்ப இடமே இல்லை.

கூழ்மங்கள் பற்றிய பகுதியில் கொயாகுலேஷனுக்குத் 'திரிதல்'. பால் திரிஞ்சுபோச்சு என்று சொல்லும் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் இதை விளக்கத் தேவையில்லை. மேட்டூர் திறந்து ஆற்றில் புதுத்தண்ணி வரும்போது செங்கலங்கலாக வருமே, அதில் படிகாரத்தைப் போட்டால் கலங்கல் அடியில் படிகிறதே, அதுவும் திரிதல்தான். களிமண் துகள்களின் எதிர்மின் சுமையை அலுமினியம் அயனியின் மூன்று நேர்மின் சுமை சமன் செய்துவிடுகிறது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த துகள்கள் சேர்ந்து கீழே இறங்குகின்றன. சுமை அதிகமான அயனி கொஞ்சம் போட்டாலே போதும் என்பது ஹார்டி-சூல்ஸ் விதி. நாங்கள் படித்த 2019-ல் மேட்டூர் ஜூன் 12-க்குத் திறக்கவில்லை, ஆகஸ்ட் 13-ல்தான் திறந்தார்கள். தண்ணி வந்த வாரத்தில் இந்தப் பாடம் நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்! நடக்கவில்லை. அது இரண்டாம் தொகுதியில், பத்தாவது பாடம்.

இனி வில்லங்கமான சொல்லுக்கு வருகிறேன். வேதிவினை வேகவியல், ஏழாவது பாடம். ஆர்டர் ஆஃப் ரியாக்‌ஷன் என்பதற்கு 'வினைவகை' என்று வைத்திருக்கிறார்கள். முதல் வகை வினை, பூஜ்ய வகை வினை. இது இந்தப் புத்தகம் கண்டுபிடித்ததும் இல்லை, தமிழ்நாட்டில் ரொம்ப நாளாக ஓடும் சொல். ஆனால் புதுசாக எழுதும்போது மாற்ற ஒரு வாய்ப்பு இருந்தது, விட்டுவிட்டார்கள்.

'வகை' என்றால் என்ன? நெல்லில் பொன்னி ஒரு வகை, கிச்சிலிச் சம்பா ஒரு வகை. வகை என்றதும் மனசு பட்டியல் போடும். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்: உலகத்தில் வினைகள் சில வகை, முதல் வகைக்கு உதாரணம் இவை, பூஜ்ய வகைக்கு உதாரணம் அவை, மனப்பாடம் பண்ணு. விஷயமோ வேறு. வினைபடு பொருளின் செறிவை இரட்டிப்பாக்கினால் வேகம் எத்தனை மடங்கு ஆகிறது என்பதுதான் கேள்வி. வேகமும் இரட்டிப்பானால் அடுக்கு ஒன்று. நாலு மடங்கானால் இரண்டு. ஒன்றுமே மாறாவிட்டால் பூஜ்யம். அது வேகச் சமன்பாட்டில் செறிவின் தலையில் உட்கார்ந்திருக்கும் எண். சோதனை செய்து அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். சமன்பாட்டைப் பார்த்து எழுதிவிட முடியாது. முழு எண்ணாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. அசிட்டால்டிஹைடு வெப்பத்தில் சிதையும் வினைக்கு அது 1.5. அப்படியானால் அது 'ஒன்றரை வகை' வினை! இந்தச் சொற்றொடரைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பூஜ்ய வகை என்பதும் அதே கூத்துதான். வகையே இல்லாத வகை.

வேறு என்ன வைக்கலாம்? இலங்கைத் தமிழில் இதற்குத் 'தாக்க வரிசை' என்கிறார்கள் (அங்கே ரியாக்‌ஷன் என்பது தாக்கம், தனிமம் என்பது மூலகம், சேர்மம் என்பது சேர்வை, ஒடுக்கம் என்பது தாழ்த்தல்). 'வரிசை' ஆங்கிலச் சொல்லின் இன்னொரு பொருளைப் பிடித்துக்கொண்டது என்றாலும், எண்ணைப் பற்றிய பேச்சு என்றாவது காட்டிக்கொடுக்கிறது. என் விருப்பம் 'படி'. கணக்குப் புத்தகத்தில் இருபடிச் சமன்பாடு ஏற்கனவே படித்திருக்கிறோம், அது அடுக்கைக் குறிக்கும் சொல் என்று பழகியிருக்கிறோம். ஒன்றரைப் படி என்பது டெல்டாக்காரன் காதில் உறுத்தாது, ஒன்றரைப் படி அரிசி அளந்த வீடு. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வினை பல கட்டமாக நடக்கும்போது, மெதுவாக நடக்கும் கட்டத்தை 'வேகத்தைத் தீர்மானிக்கும் படி' என்று அதே பாடம் சொல்கிறது. இரண்டு படியும் மோதும். கட்டத்தைக் கட்டம் என்றே சொல்லிவிட்டு, படியை அடுக்குக்கு விட்டுவிடலாம் என்பது என் கட்சி. ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள்.

இந்தச் சண்டை நேற்றைக்கு வந்ததல்ல. யாழ்ப்பாணம் மானிப்பாயில் மருத்துவம் சொல்லிக்கொடுத்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், தமிழிலேயே பாடநூல்கள் கொண்டுவந்தார். அவற்றில் வேதியியல் நூலின் பெயர் 'கெமிஸ்தம்', 1875. பெயரைப் பார்த்தாலே தெரியும், கெமிஸ்ட்ரிக்குத் தமிழ் வால் ஒட்டினது. 1916-ல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களுக்காகவே ஒரு சங்கம் வைத்தார்கள். பிற்பாடு அவரே 'திண்ணை ரசாயனம்' எழுதினார். திண்ணை என்று போட்டதிலேயே யாருக்கு எழுதுகிறோம் என்ற தெளிவு இருக்கிறது. நம் பாடநூலில் அந்தத் தெளிவு இல்லை. வாக்கியத்தைப் படித்தால் உள்ளே ஆங்கில வாக்கியத்தின் எலும்பு துருத்திக்கொண்டு தெரியும். 'என்பது', 'எனப்படுகிறது', 'ஆல் வழங்கப்படுகிறது' என்று மூச்சு முட்டும். சொல்லை நல்ல தமிழாக்கிவிட்டு வாக்கியத்தைக் கைவிட்டார்கள்.

இன்னொரு குறை, பாடங்களின் வரிசை. 'அன்றாட வாழ்வில் வேதியியல்' என்பது பதினைந்தாவது, கடைசிப் பாடம். அன்றாட வாழ்வு ஜனவரிக்குப் பிறகுதான் வரும், ரிவிஷன் டெஸ்ட்டுகளுக்கு நடுவில். வந்தாலும் அதில் உள்ள அன்றாடம் மருந்துக்கடை, சோப்பு, பிளாஸ்டிக், உணவைக் கெடாமல் வைக்கும் பொருள்கள். எங்கள் ஊரின் அன்றாடம் அது மட்டும் இல்லை. நடவுக்கு முன் ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட்டை 50 கிலோ மணலோடு கலந்து தூவச் சொல்வது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அதை டி.ஏ.பி.யோடு கலந்து போடாதே என்பார்கள். ஏன்? துத்தநாகமும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் கரையாத துத்தநாக பாஸ்பேட் வீழ்படிவாகிவிடும், பயிருக்கு இரண்டும் கிடைக்காது. இது எட்டாவது பாடம், கரைதிறன் பெருக்கம். உரக்கடைக்காரரும் விவசாயியும் வாய்மொழியாக வைத்திருக்கும் விதிக்குக் கீழே ஒரு சமநிலை மாறிலி இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால், அந்தக் கணக்குகளை நாங்கள் வெறும் அடுக்குக்குறிக் கணக்காகப் போட்டிருக்க மாட்டோம். தண்ணி கட்டின வயல் காற்றில்லாமல் ஒடுக்கச் சூழலாவது, ஃபெர்ரிக் இரும்பு ஃபெர்ரஸ் ஆவது, கடைசியில் மீத்தேன் வருவது எல்லாம் ஒன்பதாவது பாடத்துக்குப் பக்கத்து வீடு. 2020 பிப்ரவரியில் டெல்டாவை வேளாண் மண்டலமாக்கும் சட்டம் சட்டசபையில் நிறைவேறியது. டீக்கடையெல்லாம் மீத்தேன், ஹைட்ரோகார்பன் என்றுதான் பேச்சு. வகுப்பில் அப்போது நாங்கள் புக் பேக் ஒன் மார்க் ஒப்பித்துக்கொண்டிருந்தோம். மாநிலத்துக்கே ஒரு புத்தகம், கோவைக்காரனுக்கு வயல் உதாரணம் எதற்கு என்று கேட்கலாம். கோவைக்கு சாயப்பட்டறை போடுங்கள். தமிழ்நாட்டில் உதாரணத்துக்கா பஞ்சம்?

செய்முறைப் பக்கம் வந்தால் ஒரே ஒரு காட்சி போதும். ஆக்சாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டால் தரம் பார்க்கும்போது, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்துச் சூடாக்கி, பியூரெட்டில் இருந்து சொட்டு விடுவோம். முதல் சொட்டின் ஊதா கொஞ்ச நேரம் நிற்கும், போகவே போகாது மாதிரி. பிறகு விட விட உடனே மறையும். வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனியே வினையை வேகப்படுத்துகிறது. ஏழாவது பாடமும் பத்தாவது பாடமும் சேர்ந்து கூம்புக் குடுவைக்குள் நடக்கிற நாடகம் அது. எங்கள் ரெக்கார்ட் நோட்டில் அதற்கு இடமே இல்லை. ஆரம்ப அளவு, இறுதி அளவு, ஒத்த அளவு, அவ்வளவுதான் கட்டம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏன் சேர்க்கக் கூடாது என்பதும் (குளோரைடையே பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும், அளவு தப்பாகும்) அப்படியே போய்விட்டது.

புத்தகத்துக்கு இன்னொரு எஜமானும் இருந்தார், நீட். பாடத்தின் பின்னால் உள்ள ஒரு மதிப்பெண் கேள்விகள் சிலவற்றின் ஓரத்தில் அந்தப் பெயரே போட்டிருக்கும். அதனால் கேள்விகள் நிஜமாகவே நன்றாக இருக்கின்றன, யோசிக்க வைக்கின்றன. ஆனால் எழுத வேண்டிய தேர்வு 70 மதிப்பெண். அதில் 15 தான் ஒரு மதிப்பெண் கேள்வி, மீதி 55-க்கு எழுத வேண்டும். யோசிப்பதற்கு ஒரு பயிற்சி, எழுதுவதற்கு வேறு பயிற்சி. முதல் வகை வினைக்குத் தொகைப்படுத்திய வேகச் சமன்பாட்டைத் தூக்கத்தில் கூட எழுதுவோம். அதை வைத்து ஒரு பொருள் பாதியாக எவ்வளவு நேரம் ஆகும், முதலில் எவ்வளவு இருந்தால் என்ன என்று கேட்டால் பேனா நின்றுவிடும்.

தேர்வு 2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. பிளஸ் டூவின் கடைசிப் பரீட்சை வேதியியல்தான். அன்று மாலை ஆறு மணியில் இருந்து மாநிலம் முழுக்க 144. பஸ் குறைந்துபோய், மாநிலம் முழுவதும் 34,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் அன்றைய தேர்வுக்கு வரவில்லை. எனக்குத் தேர்வு மையம் நடந்துபோகும் தூரம். சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருந்து வருகிறவர்களுக்கு அப்படி இல்லை. எங்கள் ஹாலில் எனக்கு முன்னால் இரண்டு பெஞ்ச் காலி. விட்டவர்களுக்கு ஜூலை 27-ல் மறுதேர்வு வைத்தார்கள். அதற்குள் ஜூலை 16-லேயே மற்றவர்களுக்கு ரிசல்ட் வந்துவிட்டது.