இசைநிறையும் இடைக்கதையும்: நெடுந்தொடர்களின் நிரப்புக் கதைகள் குறித்த ஒரு திறனாய்வு

1.0 முன்னுரை

சப்பானிய அசைவுப்படத் தொடர்களாகிய அனிமேக்களில் மூலப் படக்கதையில் இல்லாத பகுதிகள் பல இடம்பெறுகின்றன. இவற்றைப் பார்வையாளர்கள் 'ஃபில்லர்' என்று வழங்குகின்றனர். பெயரிலேயே இகழ்ச்சி தொனிக்கிறது. இப்பகுதிகள் 'வெற்றிடத்தை அடைப்பவை; தள்ளிவிட்டுப் பார்க்கத்தக்கவை' என்னும் கருத்தே பரவலாக உள்ளது. இத்தொடர்கள் தமிழ்க் குரலிலும் ஒளிபரப்பாகத் தொடங்கியபின், இக்கருத்து மொழிபெயர்ப்பாளரையும் பாதிக்கிறது. தள்ளத்தக்கது என முன்கூட்டியே தீர்ப்பளிக்கப்பட்ட ஒரு பகுதிக்கு உழைப்பைச் செலவிடுவானேன் என்னும் எண்ணம் இயல்பாக எழக்கூடும். அத்தீர்ப்பு சரியானதுதானா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. தமிழ் இலக்கண மரபிலுள்ள 'அசைநிலை', 'இசைநிறை' ஆகிய கருத்துகள் இவ்வாய்வுக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன.

1.1 கலைச்சொல்

'ஃபில்லர்' என்பதற்குத் தமிழில் முன்பே வழக்கிலுள்ள மூன்று சொற்கள் எண்ணத்தக்கவை. 'கிளைக்கதை' என்பது மூலநூலுக்குள்ளேயே அமைந்து, முதற்கதையின் கருத்தை விளக்குவது. பாரத வனபருவத்தில் வரும் நளன் கதை இதற்குச் சான்று. 'இடைச்செருகல்' என்பது பிறரால் புகுத்தப்பட்டு, மூல ஆசிரியருடையது போலவே நிற்பது. 'மிகைப்பாடல்' என்பது பதிப்பாசிரியர் ஐயுற்றுப் பிரித்து வைத்தது. கம்பராமாயணப் பதிப்புகளில் இச்சொல் வழங்குகிறது.

அனிமேயின் 'ஃபில்லர்' இம்மூன்றிலும் அடங்கவில்லை. அது மூல ஆசிரியர் எழுதாதது. ஆகவே கிளைக்கதை அன்று. தன் பிறப்பை மறைக்காதது. மூலப் படக்கதை தனியே அச்சில் இருப்பதால் எவரும் ஒப்பிட்டு அறியலாம். ஆகவே இடைச்செருகலும் அன்று. காலத்தை நிரப்புவதே அதன் முதற்பணி. எனவே 'நிரப்புக் கதை' என்னும் சொல் இங்குக் கையாளப்படுகிறது.

2.0 தோற்றக் காரணம்

நிரப்புக் கதையின் பிறப்புக்குக் காரணம் கலை அன்று, கணக்கே ஆகும். வார இதழில் வெளிவரும் படக்கதையின் ஓர் அத்தியாயம் ஏறத்தாழ இருபது பக்கங்கள் கொண்டது. வாரந்தோறும் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு பகுதி, ஓர் அத்தியாயத்துக்கு மேலும் எளிதில் விழுங்கிவிடும். ஆகவே தொடர் மூலத்தை எட்டிப்பிடிக்கிறது. அப்போது தயாரிப்பாளர்க்கு மூன்று வழிகளே உள்ளன: நிறுத்துதல், நீட்டுதல், நிரப்புதல்.

மசாஷி கிஷிமோட்டோவின் 'நருட்டோ' படக்கதை 1999 முதல் 2014 வரை 700 அத்தியாயங்களாக வெளிவந்தது. அதன் முதல் அனிமே 2002 முதல் 2007 வரை 220 பகுதிகள் ஓடியது. இவற்றுள் 136ஆம் பகுதிமுதல் இறுதிவரை உள்ளவை ஏறத்தாழ முழுவதும் நிரப்புக் கதைகளே. எய்இச்சிரோ ஓடாவின் 'ஒன் பீஸ்' படக்கதை 1997இல் தொடங்கியது; 1999இல் தொடங்கிய அதன் அனிமே 2021 நவம்பரில் ஆயிரமாவது பகுதியை எட்டியது. இத்தொடர் நிரப்புதலைவிட நீட்டுதலையே மிகுதியாக நாடியது. நிறுத்துதலும் இப்போது வழியாகியுள்ளது: 2026 முதல் ஆண்டுக்கு 26 பகுதிகளுக்கு மேற்படாது என 2025இல் அறிவிக்கப்பட்டது.

3.0 நிரப்புக் கதையின் இலக்கணம்

நிரப்புக் கதைக்கு ஒரு கடுமையான விதி உண்டு. அது தொடங்கும்போது முதற்கதை எந்நிலையில் இருந்ததோ, முடியும்போதும் அந்நிலையிலேயே இருத்தல் வேண்டும். எவரும் இறத்தல் ஆகாது. புதிய ஆற்றல் பெறுதல் ஆகாது. பகை தீர்தல் ஆகாது. புதிதாக வருவோர் விடைபெற்றுச் சென்றபின் மீண்டும் நினைக்கப்படுதல் அரிது. இதனை 'நிலைமீட்பு விதி' எனலாம். மூல ஆசிரியர் அடுத்த வாரம் என்ன எழுதுவார் என்பது நிரப்புவோர்க்குத் தெரியாது. ஆகவே எதையும் மாற்றாமல் திருப்பித் தருதலே அவர்தம் கடன்.

மொழியியலில் ஒரு கூறு வாக்கியத்துக்கு இன்றியமையாததா என அறிய நீக்கச் சோதனை பயன்படுகிறது. நீக்கியபின்னும் வாக்கியம் பிழையின்றி நின்றால் அக்கூறு விருப்பக் கூறு எனப்படும். நிலைமீட்பு விதி காரணமாக, நிரப்புக் கதை எப்போதும் இச்சோதனைக்கு உட்பட்டு நீங்கிவிடும். ஆனால் நீக்கத்தக்கது என்பதும் பொருளற்றது என்பதும் ஒன்றல்ல. வாக்கியத்தில் பெயரடையையும் வினையடையையும் நீக்கலாம். அதனால் அவை பொருளற்றவை ஆகிவிடா. நிரப்புக் கதையை இகழ்வோர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்கின்றனர்.

3.1 அசைநிலையும் இசைநிறையும்

தொல்காப்பிய இடையியல் இடைச்சொற்களின் பணிகளை வகுக்குமிடத்து, அசைநிலையையும் இசைநிறையையும் தனித்தனியே எண்ணுகிறது. பொருள் தராது பெயரையோ வினையையோ சார்ந்து நிற்பது அசைநிலை. செய்யுளின் ஓசை குறையுமிடத்து அதனை நிறைப்பது இசைநிறை. பொருள் தரும் சொற்களோடு ஒருங்கு வைத்து இவற்றுக்கும் இலக்கணம் கூறியது கருதத்தக்கது. நிரப்புதலும் ஒரு பணி என்பதை அம்மரபு ஏற்றுக்கொண்டது.

'மன்' என்னும் இடைச்சொல் இன்னும் தெளிவான சான்று. கழிவு, ஆக்கம், ஒழியிசை என மூன்று பொருள்களைத் தொல்காப்பியம் இதற்குக் கூறுகிறது. நன்னூலோ ஆறு கூறி, அவற்றுள் அசைநிலையையும் ஒன்றாக வைக்கிறது. ஆகவே ஒரே சொல் ஓரிடத்தில் பொருளுடையதாகவும், பிறிதோரிடத்தில் நிரப்பியாகவும் நிற்கும். நிரப்பியாதல் சொல்லின் பிறவிக்குணம் அன்று. அது நிற்கும் இடத்தின் விளைவு.

இக்காலப் பேச்சுத் தமிழிலும் இதனைக் காணலாம். 'நான் வந்து நேத்து வந்து அவர்கிட்ட...' என்னும் பேச்சில் 'வந்து' வருதற்பொருளை இழந்துள்ளது. எனினும் அது பேசுவோரின் முறை முடியவில்லை என்று கேட்போர்க்கு உணர்த்துகிறது, தயக்கத்தையும் காட்டுகிறது. எழுத்தில் பெயர்ப்போர் இதனை முதலில் நீக்குவர். நாடகத்தில் நடிப்போர் இதனை முதலில் தேடுவர்.

4.0 மூன்று சான்றுகள்

நிரப்புக் கதைகள் யாவும் ஒரு தரத்தன அல்ல. மூன்று சான்றுகள் இதனை விளக்கும்.

முதலாவது, 'நருட்டோ' 136 முதலான நீண்ட நிரப்பு. 135ஆம் பகுதிக்குள் சசுக்கே ஊரைத் துறந்து சென்றுவிடுகிறான். அவனை மீட்பேன் என்பது நருட்டோவின் சூளுரை. முதற்கதை தீராத துயரில் நிற்கும் இவ்விடத்தில் வரும் நிரப்புக் கதையும் அவனைத் தேடிச் செல்வதாகவே தொடங்குகிறது. ஆனால் நிலைமீட்பு விதிப்படி அவன் கிடைக்கக் கூடாது. விதியால் தரமுடியாத ஒன்றைத் தருவதாகச் சொல்லித் தொடங்கியதே இதன் குறை. பின்வரும் கதைகளோ அத்துயரை ஏறத்தாழ மறந்து சிறு பணிகளில் உழல்கின்றன. பார்வையாளரின் சலிப்பு இங்கு நியாயமானதே.

இரண்டாவது, 'ஒன் பீஸ்' 196 முதல் 206 வரையுள்ள 'ஜி-8' கதை. வான்தீவிலிருந்து இறங்கும் கடற்கொள்ளையர் கப்பல் தவறுதலாகக் கடற்படைக் கோட்டை ஒன்றின் நடுவே விழுகிறது. தப்பித்தலே குறிக்கோள். தப்பித்தல் என்பது தொடங்கிய நிலைக்கு மீள்வது. ஆகவே நிலைமீட்பு விதி இங்குத் தளையாக இல்லாமல் கதைப்பொருளாகவே ஆகிவிடுகிறது. சமையற்காரன் கோட்டையின் அடுக்களையில் புகுகிறான். மருத்துவன் அங்குள்ள நோயாளிகளை விட்டு வரமுடியாமல் நிற்கிறான். ராபின் ஆய்வதிகாரியாக வேடம் புனைகிறாள். முதற்கதையின் போர் விரைவில் வெளிப்பட இடமில்லாத தொழிற்பண்பு இங்கு வெளிப்படுகிறது. எவரும் மாறவில்லை, ஆனால் அவர்களைப் பார்வையாளர் அறிந்த அளவு கூடிவிட்டது.

மூன்றாவது, 'நருட்டோ' 101ஆம் பகுதி. முகமூடியணிந்த ஆசிரியர் ககாஷியின் முகத்தைக் காண மாணாக்கர் மூவர் சூழ்ச்சி செய்கின்றனர். இறுதியில் அவர் முகமூடியைக் கழற்றுகிறார். உள்ளே மற்றொரு முகமூடி. எதையும் வெளிப்படுத்தக் கூடாது என்னும் தடையே இங்கு நகைச்சுவையாயிற்று. கிஷிமோட்டோ பின்னாளில் வரைந்த சிறப்புப் படக்கதை ஒன்றில் அம்முகம் காட்டப்பட்டது. 'ஷிப்புடென்' தொடரின் 469ஆம் பகுதி அதனைத் திரைக்குக் கொண்டுவந்தது.

இவற்றிலிருந்து ஓர் அளவுகோல் பெறப்படுகிறது. தன் விதியை மறைக்க முயலும் நிரப்புக் கதை தோற்கிறது. அதனையே பொருளாகக் கொள்வது வெல்கிறது.

5.0 ஆனேகல் வட்டத்துச் சான்று

நெடுங்கதையின் இடைவெளியில் புதுக்கதை பிறத்தல் சப்பானுக்கே உரியதன்று. பெங்களூருவின் தென்கிழக்கே ஓசூர் நெடுஞ்சாலையில் அமைந்த ஹெப்பகோடி இன்று தொழிற்சாலைகளும் பன்மொழிக் குடியிருப்புகளும் நிறைந்த ஊர். கன்னடமும் தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒரே தெருவில் ஒலிக்கும் இவ்வூரில், ஒரே தொடரை அடுத்தடுத்த வீடுகள் வெவ்வேறு மொழிகளில் கேட்டல் இயல்பு. ஹெப்பகோடி அடங்கிய ஆனேகல் வட்டத்தின் தலைமையூரில் திரௌபதிக்குக் கரகத் திருவிழா நிகழ்கிறது. பெங்களூரு தர்மராயர் கோயில் கரகத்தைப் போலவே இதுவும் திகளர் மரபினரோடு தொடர்புடையது.

கரகத்தின் அடிப்படைக் கதை வியாச பாரதத்தில் இல்லை. பாண்டவர் இறுதிப் பயணம் செல்கையில் பின்தங்கிய திரௌபதியைத் திமிராசுரன் எதிர்க்கிறான். அவள் பேருருக் கொண்டு வீரகுமாரர்களைப் படைத்து அவனை அழிக்கிறாள். அவ்வீரர் அவளைப் பிரிய மறுக்க, ஆண்டுதோறும் வருவதாக வாக்களிக்கிறாள். பாரதக் கதையோட்டத்தில் இதனால் எம்மாற்றமும் இல்லை. நீக்கச் சோதனையில் இது நீங்கிவிடும். ஆயினும் தம்மை வீரகுமாரராகக் கொண்டு வாளேந்தி வருவோர்க்கு இதுவே பாரதத்தின் உயிர்நிலை.

தமிழில் 'அல்லியரசாணி மாலை', 'பவளக்கொடி மாலை' ஆகியன அருச்சுனன் மணங்களைப் பாடி இவ்வாறே இடைவெளியில் வளர்ந்தவை. நாட்டார் வழக்கு இவற்றைப் புகழேந்தி பெயரில் ஏற்றிக் கூறுகிறது. கிளைக்கதையாகிய நளன் சரிதையை வெண்பாவாக்கிய புலவர் பெயரிலேயே நிரப்புக் கதைகளும் வழங்குதல் நோக்கத்தக்கது. பவளக்கொடி கதை நாடகமாக நடிக்கப்பட்டு, 1934இல் கே. சுப்ரமண்யம் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. மூலத்தில் இடமில்லாத கதைக்கு மக்களிடம் இடமிருந்தது.

6.0 நீக்கும் பதிப்புகள்

நிரப்பியதைப் பின்னர் நீக்கும் முயற்சியும் இருபுறமும் உண்டு. 'டிராகன் பால் இசட்' 1989 முதல் 1996 வரை 291 பகுதிகளாக வந்தது. 2009இல் தொடங்கிய 'டிராகன் பால் காய்' என்னும் மறுபதிப்பு, அதன் முதல் 194 பகுதிகளில் அடங்கிய கதையை ஏறத்தாழப் பாதியாகச் சுருக்கியது. உலகையே காக்கவல்ல கோக்குவும் பிக்கோலோவும் வாகன ஓட்டுநர் உரிமத் தேர்வு எழுதச் செல்லும் 125ஆம் பகுதி இதில் இடம்பெறவில்லை. கதை விரைந்தது, ஆனால் அவ்வீரர்கள் எதைக் காக்கப் போரிடுகின்றனரோ அந்த அன்றாட வாழ்வு ஓரளவு குறைந்தது.

புனே பண்டார்க்கர் நிறுவனம் 1966இல் முடித்த மகாபாரதச் செம்பதிப்பு, பிற்சேர்க்கை எனக் கண்டவற்றை அடிக்குறிப்பிலும் பின்னிணைப்பிலும் வைத்தது. விநாயகர் பாரதம் எழுதிய கதையும் அவ்வாறு விலக்கப்பட்டதே. எனினும் செம்பதிப்பு விலக்கியதை அழிக்கவில்லை, இடம் மாற்றியது. அழித்தலுக்கும் இடமாற்றத்துக்கும் உள்ள இவ்வேறுபாடு அனிமே மறுபதிப்பாளரும் கொள்ளத்தக்கது.

7.0 மொழிபெயர்ப்பாளர்க்கு

நருட்டோ தன் பேச்சின் இறுதியில் 'தத்தெபயோ' என்னும் ஈற்றைச் சேர்ப்பான். இதற்குத் தனிப்பொருள் இல்லை. தமிழிலக்கணப்படி இது அசைநிலை. தொடக்ககால ஆங்கிலக் குரலாக்கம் இதனை 'நம்பு' என்னும் பொருள்பட ஏவலாக்கியது. உதட்டசைவு நிரம்பியது; ஆனால் பொருளற்றதற்குப் பொருள் ஏற்றியதால், வழக்கமான வாயீறு ஓயாத வற்புறுத்தலாக மாறியது. பின்னர் அது கைவிடப்பட்டது. தமிழில் 'ஆக்கும்', 'தெரியுமா', 'பாத்துக்க' போன்ற ஈறுகள் பேச்சில் உயிரோடு உள்ளன. அசைநிலையை அசைநிலையால் பெயர்த்தல் தமிழுக்கு இயலும்.

நிரப்புக் கதைக்கும் இதுவே பொருந்தும். அங்குப் போர் குறைவு. உரையாடலும் சொல்விளையாட்டும் அன்றாடப் பேச்சும் மிகுதி. ஆகவே மொழிபெயர்ப்பாளரின் உழைப்பு முதற்கதையைவிட இங்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது. சூளுரைகளை ஏட்டுத்தமிழும் தாங்கும். அடுக்களைப் பேச்சை அது தாங்காது.

8.0 முடிவுரை

நிரப்புக் கதை கணக்கினால் பிறப்பது; எனினும் பிறப்பே அதன் தரத்தைத் தீர்மானிப்பதில்லை. நீக்கத்தக்கது பொருளற்றது ஆகாது. சிறந்த நிரப்புக் கதை முதற்கதையை மாற்றாமலே, அதனை அறியும் அறிவை மாற்றுகிறது. தரமற்றதைத் தரமற்றது என்றே கூறலாம். ஆனால் பகுதி பகுதியாகப் பார்த்தபின் கூறுதல் வேண்டும், வகை கருதி அன்று. இசைநிறைக்கும் இலக்கணம் வகுத்த மொழியில் பெயர்ப்போர், கதையில் வரும் நிரப்புக்கும் அந்த மதிப்பை அளித்தல் முறையாகும்.